ஒப்பீட்டுக் குழுவின் வரவேற்பு மடல்

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் புகும் தாமிரபரணித் தாயின் மடியில் பொன்னடி பதித்திருக்கும், கடல் கடந்த ................ பல்கலைக்கழகத்தின் ஆய்வறிஞர் பெருமக்களே! வருக, வருக.

புள்ளி வைத்த இடத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் மடல் அச்சடிக்கக் கொடுத்தபோது, மொத்தமாக அடித்தால் மலிவு என்றார்கள். ஐநூறு அடித்து வைத்துக்கொண்டோம். யார் வந்தாலும் பெயரைப் பேனாவால் நிரப்பி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்துவிடலாம். வருகிறவர்கள் பெயர்தான் மாறுகிறது, தலைப்பு மாறுவதில்லை: புற்றுநோய்த் தடுப்பு, தொடக்கத்திலேயே கண்டறிதல், உடல்நல ஏற்றத்தாழ்வுகள். உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கும் பிளக்ஸிலும் அதுதான். கட்டிய பையன் அவசரத்தில் ஓரத்தை மடித்துக் கட்டிவிட்டான். 'தாழ்வு' மடிப்புக்குள் போய், 'ஏற்ற' மட்டும் தெரிகிறது. இருக்கட்டும், படத்துக்கு அதுவே நல்லது.

முன்வரிசையில் இருப்பவர்கள் முக்கூடல், பாப்பாக்குடி, மேலப்பாளையம் பெண்கள். அழைப்பிதழில் 'பயனாளிகள்' என்று போட்டிருப்பது இவர்களைத்தான். மடியில் பீடித்தட்டோடு வந்திருக்கிறார்கள். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தலைமையுரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை எல்லாம் முடிவதற்குள் முந்நூறு பீடி சுற்றிவிடலாம். அரங்கில் ஏ.சி. இருப்பதால் மின்விசிறி போடவில்லை, தூள் பறக்காது என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். மேடையில் உங்களுக்கு இருமல் வந்தால் அது அந்தத் தூள்தான். தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறோம்.

ஆய்வுக் களம் பற்றி இரண்டு வார்த்தை. இலை வடக்கே மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது. அதை நனைத்து, கத்தரியால் அளவாக வெட்டி, தூள் வைத்து உருட்டி, நூல் சுற்றி, முனையை மடக்க வேண்டும். ஆயிரம் முடித்தால்தான் நாள் கணக்கு. காலையில் நாலு மணிக்கு உட்கார்ந்தால் நடுவில் சோறு பொங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, திரும்ப உட்கார்ந்து, பொழுது சாய முடியும். ஆயிரத்துக்கு என்று நிறுத்துக் கொடுக்கிற இலை பல நாள் ஆயிரத்துக்குக் காணாது. மிச்சத்தைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். கணக்கப்பிள்ளை 'கழிவு' என்று ஒதுக்குகிற பீடிக்குக் கூலி கிடையாது. ஒதுக்கிய பீடியைத் திருப்பிக் கொடுப்பதும் கிடையாது. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் நிறத்தைக் கேட்பதற்கு முன்னால், "பொண்ணு ஒரு நாளைக்கு எத்தன சுத்தும்?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் 'வாழ்க்கைத் தரக் குறியீடு' என்கிறீர்களே, அதை நாங்கள் அந்தக் காலத்திலேயே ஒரே கேள்வியில் எடுத்துவிட்டோம்.

இனி எங்கள் அறிமுகம். உங்கள் அகராதியில் எங்களுக்கு ஒரு பெயர் உண்டு. ஒப்பீட்டுக் குழு.

பெயர் எப்படி வந்தது என்பதற்குத் திண்டுக்கல் வரை போகவேண்டும். 2000இல் அங்கே கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றி ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. பிரான்ஸில் லியோன் நகரத்திலிருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை மருத்துவமனை, இன்னும் சிலர் சேர்ந்து நடத்தினார்கள். பணம் கேட்ஸ் அறக்கட்டளையுடையது. சோதனை என்னவென்று தெரிந்தால் சிரிப்பீர்கள். வினிகர்! நீர்த்த காடியைப் பஞ்சில் நனைத்துக் கருப்பை வாயில் ஒற்றிவிட்டு ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். கோளாறான இடம் வெளுத்துத் தெரியும். டாக்டர்கூட வேண்டாம், பயிற்சி பெற்ற நர்ஸே பார்க்கலாம், தேவைப்பட்டால் அன்றைக்கே உறையவைத்து அழிக்கலாம். வண்ணார்பேட்டையில் ராத்திரி தள்ளுவண்டியில் நூடுல்ஸ் கிளறுகிறவர் கையெட்டும் தூரத்தில் வைத்திருக்கிற அதே சரக்குதான்.

ஊர்களை 114 கூறாகப் பிரித்தார்கள். 57 கூறுகளில் 30 முதல் 59 வயதுள்ள 49,311 பெண்களுக்குச் சோதனைக்கு அழைப்பு. மிச்ச 57 கூறுகளில் 30,958 பெண்களுக்கு 'வழக்கமான கவனிப்பு'. 2006 வரை எண்ணினார்கள். முடிவு 2007இல் லான்செட் இதழில் வந்தது. சோதனைப் பக்கம் கருப்பை வாய்ப் புற்றில் செத்தவர்கள் 83. ஒப்பீட்டுப் பக்கம் 92. தலைக்கட்டு குறைந்த பக்கத்தில் பாடை கூடுதல். வினிகர் சாவை 35 சதவீதம் குறைக்கிறது என்று உலகத்துக்கு உறுதியாயிற்று. அந்த நர்ஸுகளை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். வெயிலில் ஊர் ஊராகப் போய், கூச்சப்படுகிற பெண்களிடம் பேசிப் பேசிக் கூட்டிவந்தவர்கள் அவர்கள்தான். நாங்கள் கேட்பது அந்த 'வழக்கமான கவனிப்பு' பற்றி.

அது என்ன கவனிப்பு? ஒன்றுமில்லை. கருப்பை வாய்ச் செல்லைச் சுரண்டிப் பார்க்கும் பாப் சோதனை அமெரிக்காவில் 1940களிலிருந்து நடக்கிறது. அறுபது வருஷம் கழித்தும் இங்கே ஏழைப் பெண்ணுக்கு வழக்கம் என்பது ஒன்றும் இல்லாமைதான். 'அவர்களுக்கு ஏற்கெனவே என்ன கிடைத்துக்கொண்டிருந்ததோ அதை நாங்கள் பறிக்கவில்லையே' என்பது ஆய்வாளர் தரப்பு நியாயம். நியாயத்தில் ஓட்டையில்லை. ஒன்றும் இல்லாதவளிடம் எதைப் பறிப்பது?

இதேபோல மும்பைக் குடிசைப் பகுதிகளில் ஒன்று, உஸ்மானாபாத் கிராமங்களில் ஒன்று. மும்பையினதற்குப் பணம் அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தினுடையது. மூன்று ஆய்வுக்கும் சேர்த்து ஒப்பீட்டுக் குழுவில் 1,38,624 பெண்கள், கருப்பை வாய்ப் புற்றில் சாவு 254. இதைக் கூட்டிப் பார்த்து இது சரியா என்று உரக்கக் கேட்டவர் யார்? நம் பல்கலைக்கழகங்களில் ஒருவரா? எரிக் சூபா என்கிற அமெரிக்க நோய்க்கூறியல் மருத்துவர். சொந்த நாட்டு அரசின் கண்காணிப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தார். 2014இல் இந்திய மருத்துவ அறநெறி இதழில் எழுதினார். மும்பைப் பெண்களுக்குச் சொல்லவேண்டியதை முழுசாகச் சொல்லவில்லை என்று அந்த அலுவலகமே கண்டது. நம்மவர்கள் அந்தச் சமயத்தில் வேறு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

திண்டுக்கல் பெண்களாவது ஒரு பட்டியலில் இருந்தார்கள். செத்தபோது ஒருவர் வந்து குறித்துக்கொண்டு போனார். தாமிரபரணிக் கரையில் நாங்கள் எந்தப் பட்டியலிலும் சேராத ஒப்பீட்டுக் குழு. சம்மதப் படிவம் இல்லை, தொடர் கண்காணிப்பு இல்லை, ஆனால் வழக்கமான கவனிப்பு மட்டும் தவறாமல் கிடைக்கிறது.

இதைச் சொன்னால், "பெண்கள் சோதனைக்கு வருவதில்லை, விழிப்புணர்வு போதாது" என்று பதில் வைத்திருப்பீர்கள். அதற்கென்றே அக்டோபர் மாதம் இருக்கிறது. காலேஜ் பிள்ளைகளுக்கு ரோஸ் தொப்பி கொடுத்து, வ.உ.சி. மைதானத்திலிருந்து ஒரு பேரணி விட்டு, மத்தியானத்துக்கு லெமன் சாதம் போட்டால் விழிப்புணர்வு வந்துவிடும். ஐயா, காலை நாலு மணிக்கு எழுந்து தட்டு முன்னால் உட்காருகிறவளுக்கு விழிப்பு போதவில்லை என்கிறீர்கள். அவளுக்குப் போதாதது தூக்கம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் கருப்பை வாய்ச் சோதனையை ஒரு முறையாவது செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 1.9. தமிழ்நாட்டில் 9.8. நாட்டிலேயே முன்வரிசை நாம்தான்! நூற்றுக்குப் பத்து மார்க்கு எடுக்காதவன் வகுப்பில் முதலாவது வந்தால், வாத்தியாரைத்தானே விசாரிக்க வேண்டும்? திண்டுக்கல்லில் அழைத்த 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். நூற்றுக்கு அறுபதுக்கு மேல். அதே தமிழச்சிகள், அதே கூச்சம், அதே புருஷன்மார்கள். வித்தியாசம் ஒன்றுதான். அங்கே நர்ஸ் ஊருக்குள் வந்தார், வந்த அன்றைக்கே பார்த்தார். மற்ற இடங்களில் விழிப்புணர்வு வந்தது.

வெள்ளைத் திட்டு தெரிந்த பிறகு நடப்பதையும் சொல்லவேண்டும், அது உங்கள் பவர்பாயிண்டில் ஒரு அம்புக்குறியாக மட்டும் இருக்கிறது. முதல் நாள் சோதனை. பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. அங்கே உருப்பெருக்கிக் கருவியில் பார்க்க ஒரு நாள், சதை எடுக்க ஒரு நாள், ரிப்போர்ட் வாங்க ஒரு நாள், ரிப்போர்ட் வரவில்லை என்று கேட்டு வர ஒரு நாள். ஒவ்வொரு நாளும் ஆயிரம் பீடி. கூட வருகிற ஆளுக்கும் ஒரு நாள் கூலி. எங்கள் தெருவில் ஒருத்திக்கு மாதவிலக்கு நின்று நாலு வருஷம் கழித்து ரத்தம் பட்டது. சூடு என்று வெந்தயம் குடித்தாள். மகள் கல்யாணம் முடியட்டும் என்றாள். கல்யாணக் கடன் முடியட்டும் என்றாள். கடைசியில் போனபோது டாக்டர் நல்ல மாதிரி கேட்டார், "ஏம்மா இவ்வளவு லேட்டா வந்தீங்க?" அவளுக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நீங்கள் ஐந்தாண்டுத் திட்டத்தோடு வந்திருக்கிறீர்கள் என்று அழைப்பிதழில் பார்த்தோம்.

போன முறை வந்த ஒரு குழு நல்ல குழு. பெயர் எதற்கு? கணக்கெடுக்க வந்த பிள்ளை முதுகலை படித்தவள், கையில் டேப்லெட். எழுபதுக்கு மேல் கேள்வி. முன்வரிசையில் இடது ஓரத்தில் இருக்கிற பெரியம்மைதான் பதில் சொன்னார்.

"பெரியம்மா, தூள் வாடையில தலை சுத்தல் உண்டா?"

"அது இல்லாத நாளு ஏது, பிள்ள."

"மாதவிலக்கு நின்ன பிறகு ரத்தம் பட்டதுண்டா?"

"உண்டும். அதான் கேக்கேன், இதுல எனக்கு என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லுவியளா?"

"இல்ல பெரியம்மா, இது கணக்கெடுப்பு மட்டும். தனித்தனியாச் சொல்ல மாட்டாங்க."

"பாக்கது எப்பம்?"

"அது அடுத்த கட்டம்."

"அது எப்பம் வரும்?"

பிள்ளை டேப்லெட்டைத் தட்டிப் பார்த்தாள். அதற்கு அதில் கட்டம் இல்லை. போகும்போது ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தாள், பின்புறத்தில் திட்டத்தின் பெயர் பொறித்திருந்தது. பெரியம்மை அதில்தான் இப்போது தூள் அளக்கிறார்.

சம்மதப் படிவத்தைப் பற்றி நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம். 2009–10இல் கம்மம், வதோதரா மாவட்டங்களில் பாத் என்கிற அமெரிக்க அமைப்பு பள்ளிச் சிறுமிகளிடம், கருப்பை வாய்ப் புற்றைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு நடத்தியது. ஊசி நல்ல ஊசி, அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. எங்கள் பேத்திகளுக்குப் போடச் சொல்லித்தான் நாங்களும் கேட்கிறோம். 2025–26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்காக 36 கோடி ரூபாய் அறிவித்தபோது கைதட்டினோம். ஆனால் அந்த ஆய்வின் படிவங்களை நாடாளுமன்ற நிலைக்குழு 2013இல் புரட்டியபோது கண்டது என்ன? பார்த்த 9,543 படிவங்களில் 1,948இல் கைநாட்டு, 2,763இல் விடுதிக் காப்பாளர் அல்லது தலைமையாசிரியர் கையெழுத்து. பெற்றவள் இருக்க வார்டன் தாயானார். நல்ல மருந்தைக்கூடத் திருட்டுத்தனமாகக் கொடுத்தால்தான் ஆராய்ச்சி என்று யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?

அப்புறம், எங்களுக்கு ஏற்கெனவே ஒரு நீண்டகாலக் கூட்டுறவு இருக்கிறது என்பதை உங்கள் திட்டவரைவில் சேர்த்துக்கொள்ள வேண்டும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம். 'ஆர்.சி.சி.' என்றால் திருநெல்வேலியில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். நாகர்கோவில் வழி ரயிலில் ஏறினால், கழுத்தில் மஃப்ளர் சுற்றி, பையில் பெரிய எக்ஸ்ரே உறையோடு இருக்கிறவர் எங்கே போகிறார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பலரைப் பிழைக்கவைத்த இடம், கையெடுத்துக் கும்பிடுகிறோம். அந்த மையத்திலும் ஒரு பன்னாட்டுக் கூட்டாய்வு நடந்ததுண்டு. 1999–2000இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியை ஒருவரின் மருந்து, வாய்ப் புற்று நோயாளிகள் இருபத்துச் சொச்சம் பேரின் கட்டிக்குள் ஊசியாக ஏறியது. மையத்துக்குள்ளேயே இருந்த டாக்டர் வி.என். பட்டத்திரி உடைத்துச் சொல்லியிராவிட்டால் வெளியே வந்திருக்காது. முறையான ஒப்புதல் இல்லாமல் நடந்தது என்று அந்தப் பல்கலைக்கழகமே 2001இல் ஒப்புக்கொண்டது.

நாங்கள் அங்கே நோயாளிகளை அனுப்புகிறோம். அங்கிருந்து எங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. 2024 டிசம்பரில் வந்தது, லாரியில். சுத்தமல்லி வட்டாரத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் என்று வயலும் குளமுமான இடங்களில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டிவிட்டுப் போன கேரள மருத்துவக் கழிவு. ஊர் பெயரிலேயே சுத்தம் இருப்பதால் தேர்ந்தெடுத்தார்களோ என்னவோ. விடிந்து பார்த்தால் ஊசி, கையுறை, பஞ்சு. அவற்றுக்கு நடுவே ஆர்.சி.சி. நோயாளிகளின் விவரம் உள்ள காகிதங்கள்! ஒருவர் நோயை இன்னொருவர் அறியக்கூடாது என்று நீங்கள் பெயரை மறைத்து எண் கொடுத்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைக்கிறீர்களே, அந்தத் தகவல் வாழைத்தோட்டத்து ஓரமாகக் காற்றில் புரண்டது. ஆய்வுத் தரவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது உலக அறிவியலாளர்களின் நெடுநாள் கனவு. எங்கள் ஊரில் அது திறந்தவெளியிலேயே கிடந்தது. ஆடு மேய்க்கிறவனும் படிக்கலாம்.

மையம், ஒப்பந்தக்காரர் செய்த வேலை என்றது. பசுமைத் தீர்ப்பாயம் மூன்று நாள் கெடு வைத்தது. கேரள அதிகாரிகள் வந்து நின்று, லாரிகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். புற்றுநோய் மையத்தின் பெயரால் நெல்லைக் கிராமத்துக்கு வண்டிகள் வரிசையாக வந்ததை முதல்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தோம். குப்பைக்கு மூன்று நாள் கெடு வைக்க ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்குக் கெடு வைக்க எதுவும் இல்லை.

இனி அறிவியல் பங்களிப்பு. உங்கள் திட்டத்தின் முதல் நோக்கம், 'இப்பகுதியில் புகையிலைக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்தல்' என்று இருக்கிறது. ஆராயுங்கள். ஆராய்வதற்கு முன்னால் நெய்யூர் வரை ஒரு நடை போய்வாருங்கள், இங்கிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் பென்டால் 1,700 நோயாளிகளைப் பார்த்து, திருவிதாங்கூரில் புற்றுநோய் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது 1908இல். அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் ஓர், வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப் புற்று பற்றி லான்செட்டில் எழுதியது 1933இல். மும்பையில் ராஜனி பிசேயின் குழு, பீடித் தூளில் வேலை செய்கிறவர்களின் குரோமோசோமே உடைந்திருப்பதை 1995இல் காட்டியது. சென்னையின் கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் தமிழ்நாட்டில் செத்துப்போன 43,000 ஆண்களின் கதையைத் தோண்டி, புகை எப்படிக் கொல்கிறது என்று எழுதியது 2003இல். எல்லாக் கட்டுரையும் ஒரே வரியில்தான் முடியும், பழைய சினிமாவில் 'சுபம்' போடுகிற மாதிரி: மேலும் ஆய்வு தேவை.

இத்தனைக்கும் பிறகு 2015இல், புகையிலைப் பொட்டலத்தின் எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாக்கலாமா என்று பார்க்க உட்கார்ந்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர் திலீப் காந்தி என்ன சொன்னார்? புகையிலையால் புற்றுநோய் வரும் என்பதெல்லாம் வெளிநாட்டு ஆய்வு, இந்திய ஆய்வு எங்கே என்றார். பக்கத்து நாற்காலியில் அதே குழு உறுப்பினராக உட்கார்ந்திருந்தவர் அலகாபாத்தின் பீடி முதலாளி ஷியாம் சரண் குப்தா. மீன் கடைக்குப் பூனை காவல் என்பார்கள். இங்கே பூனை மீனுக்குச் சட்டமும் எழுதியது. எச்சரிக்கை ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. ஆக, மேலும் ஆய்வு தேவை என்ற உங்கள் கடைசி வரியைக் கருத்தூன்றிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். பீடி முதலாளிகள்.

பீடிக்கு எதிராக யாராவது வாயைத் திறந்தால் உடனே எங்களை இழுத்து முன்னால் நிறுத்துவார்கள். "ஏழைப் பெண்கள் வயிற்றில் அடிக்கலாமா?" கேட்கும்போதே கண்ணில் நீர் வரும். இந்த வயிற்றின் மேல் இவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்று பாருங்கள். ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய் என்று ஒரு நலநிதி வரி இருந்தது. 1976இல் வந்த சட்டம். தொழிலாளர் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் அந்தக் காசுதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அதைத் தூக்கிவிட்டார்கள். 2025 செப்டம்பர் 3ஆம் தேதி டெல்லியில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடியது. பீடிக்கு வரி 28இலிருந்து 18 சதவீதம், பீடி இலைக்கு 18இலிருந்து 5 என்று முடிவெடுத்தது. அதே கூட்டத்தில், அதே மேசையில், உயிர்காக்கும் மருந்துகள் முப்பத்துச் சொச்சத்துக்கு வரியே இல்லை என்றும் முடிவெடுத்தது, புற்றுநோய் மருந்துகளும் அதில் அடக்கம். ஆடித் தள்ளுபடிக்கு இப்படித்தான் ஜோடியாகக் கட்டி விற்பார்கள், பேன்ட் எடுத்தால் சட்டை. சுற்றுகிற கூலி அன்றைக்கு ஒரு பைசா கூடவில்லை.

எங்கள் உள்ளூர்ப் பேராசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கூட்டாண்மையில் அவர்களுக்கும் பங்குண்டு. கட்டுரையில் முதல் பெயர் உங்களுடையது, கடைசிப் பெயர் உங்களுடையது, நடுவே பதினான்காவதாக நம்மவர். பல்கலைக்கழகத்தின் தரத்தை மதிப்பிட நாக் குழு வரும்போது எண்ணிக் காட்ட ஓர் ஒப்பந்தம் கூடும். பிறகு அது துணைவேந்தர் அறைக்கு வெளியே சட்டம் போட்டுத் தொங்கும், பல்லி முட்டையிட வசதியாக. கட்டுரையை இங்கேயிருந்து திறந்தால் சந்தா கேட்கும், இல்லையென்றால் டாலர் கேட்கும். எங்கள் உமிழ்நீரில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள நாங்கள் அமெரிக்கக் காசு கட்டவேண்டும்.

நேர்மையாகச் சொன்னால், எல்லாம் இருட்டில்லை. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு, வீடு வீடாக அழைத்து வாய், மார்பு, கருப்பை வாய் மூன்றையும் பார்க்கும் திட்டத்தை நாலு மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கியது. ஈரோடு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி. அந்த முன்னோட்டத்தின்போது ஆரல்வாய்மொழி தாண்டினால் அழைப்பு, இந்தப் பக்கம் வழக்கமான கவனிப்பு. காற்றாலைக்கு நடுவே நின்று ஒரு கோடு கிழித்தால் அந்தப் பக்கம் சோதனைக் குழு, இந்தப் பக்கம் ஒப்பீட்டுக் குழு. உங்கள் புள்ளியியல் நிபுணர் பார்த்தால் கண்ணீர் விடுவார், இவ்வளவு சுத்தமான ஒப்பீடு பணம் கொடுத்தாலும் கிடைக்காது. திண்டுக்கல் முடிவு லான்செட்டில் அச்சேறியது 2007இல் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள். முன்னோட்டம் தொடங்கவே 16 வருஷம். அந்தப் பெண்கள் எந்தக் காரணத்துக்காகச் செத்தார்களோ அந்தக் காரணம் கோப்பில் ஏறி, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக எடுத்துக்கொண்ட நேரம்.

பெருமக்களே, மடல் நீண்டுவிட்டது. ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஐந்தாண்டுத் திட்டத்தின் முதலாண்டு 'தேவை மதிப்பீடு' என்று இருக்கிறது. தேவையை இந்த மடலிலேயே மதிப்பிட்டுக் கொடுத்துவிடுகிறோம். ஒரு நர்ஸ். மறைப்புக்கு ஒரு திரை, ஒரு விளக்கு. பஞ்சு. வினிகர், அதைப் பலசரக்குக் கடையில் நாங்களே வாங்கி வைக்கிறோம். பீடிக்கடைக்கு எதிர்த்தாற்போல ஒரு அறை, ஏனென்றால் எல்லாப் பெண்ணும் தினமும் தவறாமல் வந்து நிற்கிற இடம் அதுதான். வெளுத்துத் தெரிந்தால் அன்றைக்கே கையோடு கூட்டிப்போக ஒரு வண்டி, வண்டியில் போகிற நாளுக்கு ஆயிரம் பீடிக் கூலி. இதில் ஆராய்ச்சி எங்கே இருக்கிறது என்று உங்கள் நிதிக் குழு கேட்கும். இல்லைதான். மன்னிக்க வேண்டும்.

அடுத்து சால்வை, பிறகு நன்றியுரை, நாட்டுப்பண், தேநீர். முன்வரிசைப் பயனாளிகளோடு சேர்ந்து படம் எடுப்பதானால் தயவுசெய்து இப்போதே எடுத்துவிடுங்கள். நாலரைக்குப் பீடிக்கடையில் எண்ண ஆரம்பிப்பார்கள், அதற்கு மேல் போனால் இன்றைய கணக்கில் சேர்க்க மாட்டார்கள். இடது ஓரத்துப் பெரியம்மை இப்போதே தட்டைத் துணி போட்டு மூடிவிட்டார்.